அண்ணனின் பெயரில் நடந்த தூரம்

அண்ணனைச் சிங்கப்பூரின் சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்து இருபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. பூன் லேயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேண்டீனில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. நடந்த தூரத்தைக் கணக்கு வைக்கும் செயலியிலிருந்து ஓர் அறிவிப்பு. அண்ணனின் பெயர், பக்கத்தில் அவர் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கும் படம், கீழே ஒரு வரி: இன்று 1.3 கிலோமீட்டர் நடந்திருக்கிறார், கைதட்டுங்கள்.

யோசிக்கும் முன்னே என் விரல் கைதட்டும் பொத்தானை அழுத்திவிட்டது. ஒன்றரை வருடப் பழக்கம். அழுத்திய பிறகுதான் உறைத்தது. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி, தேக்கா சந்தைக்குள் வளைந்து வளைந்து போய், சிராங்கூன் சாலையில் கொஞ்ச தூரம் நீண்டு, திரும்பி வந்திருந்தது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கும் இடம்தான். ஆனால் இது அண்ணன் நடக்கும் வழி இல்லையே, அவர் சந்தைக்குள் போகமாட்டாரே என்று ஒரு நொடி யோசித்தேன். அப்படி யோசித்தேன் என்பதே என்னைப் பயமுறுத்தியது. இறந்தவர் எந்த வழியாகப் போவார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் செயலியில் எங்கள் குழுவில் மூன்றே பேர். நான், அண்ணன், அண்ணன் மகள். அதை ஆரம்பித்தவர் அண்ணன். எனக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே போவதாக மருத்துவர் சொன்ன வாரம், புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவர் கூப்பிட்டார்.

“டேய், ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். டவுன்லோட் பண்ணு.”

“என்னண்ணே அது?”

“நாம எவ்வளவு நடக்கறோம்னு காட்டும். நீ நடக்கறியா, டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியான்னு எனக்கு இங்கேருந்தே தெரியும்லா.”

அண்ணன் நில அளவை செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்தவர். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பதில் தொடங்கி, பிறகு கருவிக்குப் பின்னால் நின்று கண் வைத்துப் பார்க்கும் இடம்வரை வந்தவர். தூரம் என்று வந்துவிட்டால் அவரிடம் ‘சுமார்’ என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. செயலி காட்டும் தூரத்தை அவர் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே போனால் சிக்னல் சுவரில் பட்டுத் தெறிக்கும், கடைவீதியின் நடைபாதைக் கூரைக்குக் கீழே போனால் கோடு எதிர்ப்பக்கத்துக்குத் தாவும், ஓர் இடத்தில் சும்மா நின்றால் நூல் சிக்கியதுபோலக் கிறுக்கும் என்றெல்லாம் எனக்கு விளக்குவார். “நின்னா கிறுக்கும்டா. அந்தக் கிறுக்கலையும் சேத்து நடந்ததா எழுதிடும். பொய்க் கணக்கு.” ஒவ்வொரு நடை முடிந்ததும் பதிவைத் திறந்து, கூடுதலாக விழுந்த முந்நூறு மீட்டரையோ நானூறு மீட்டரையோ கழித்துச் சரிசெய்வார். அப்படித் திருத்தினால் பதிவின் ஓரத்தில் ஒரு சின்னப் பென்சில் அடையாளம் வரும். அதைத் தொட்டால் செயலி முதலில் அளந்த தூரம் தெரியும். ஆனால் அந்த அடையாளம் சொந்தக்காரருக்கு மட்டும்தான் தெரியும். குழுவில் இருக்கும் மற்றவர்களுக்குத் திருத்திய எண் மட்டும்தான். நடை முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதிவு குழுவுக்குப் போகும், அதற்குள் திருத்திவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செயலியை நிறுத்த மறந்துவிட்டு லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, புக்கிட் பாஞ்சாங் போய் இறங்கிவிட்டேன். அன்று என் பெயரில் பதினான்கு கிலோமீட்டர் விழுந்தது. விளையாட்டாக அதை அப்படியே விட்டேன். அண்ணன் உடனே கூப்பிட்டுவிட்டார்.

“நடக்காத தூரத்தை எழுதாதே. அசிங்கம்.”

அவர் குரலில் விளையாட்டு இல்லை. நான் திருத்தினேன்.

இந்த மனிதரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அறிவிப்பு வந்த அன்று மாலை வேலை முடிந்து நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தபோது அவர் கையில் அண்ணனின் கைப்பேசி இருந்தது. எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“அண்ணி, மத்தியானம் தேக்கா போயிருந்தீங்களா?”

“ஆமா தம்பி. முப்பதாம் நாள் பூசைக்கு வர்றவங்களுக்குச் சமைக்கணும்ல, சாமான் பாக்கப் போனேன். எப்படித் தெரியும்?”

நான் சொன்னேன். அண்ணி கைப்பேசியை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக மேசைமேல் வைத்தார், சூடான பாத்திரத்தை வைப்பதுபோல.

“எல்லாருக்கும் அவரு நம்பர்தான் தெரியும். விஷயம் தெரியாம யாராச்சும் கூப்பிடறாங்க. நேத்துகூட ஒருத்தர் கூப்பிட்டு, ‘என்ன, ஆளையே காணோம்’னாரு. யாராச்சும் எடுத்துச் சொல்லணும்ல? அதான் எங்க போனாலும் பையில போட்டுக்கறேன்.”

அந்தச் செயலியைத் திறக்கக்கூடத் தேவையில்லை. பையில் கிடந்தாலே நடையை உணர்ந்து தானே எழுதிக்கொள்ளும். இதற்கு முன்னும் அண்ணி கடைக்கும் கோயிலுக்கும் நடந்ததெல்லாம் அண்ணன் பெயரில் ஏறியிருக்கிறது. அவை அரைக் கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் அறிவிப்பு வரவில்லை.

“அதை அழிச்சுடுங்க தம்பி,” என்றார் அண்ணி. “நான் நடந்ததை எதுக்கு அவர் பேர்ல போடணும்? அவருக்குப் பிடிக்காது.”

அண்ணி சமையலறைக்குப் போனார். நான் அண்ணனின் கைப்பேசியை எடுத்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இருபத்து மூன்று நாட்களின் பதிவுகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். எளிய வேலை. கீழிருந்து மேலே போகாமல் மேலிருந்து கீழே வந்ததால், அண்ணியின் நடைகள் முடிந்து அண்ணனின் நடைகள் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

மேலே இருந்த ஒன்றைத் தவிர, வரிசையாகப் பென்சில் அடையாளங்கள். அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அண்ணனின் கைப்பழக்கம் அல்லவா என்று சும்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். எவ்வளவு கழித்திருக்கிறார் என்று பார்க்கும் ஆவல்.

எழுதியிருந்தது 4.1 கிலோமீட்டர். செயலி அளந்தது 0.9.

ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அடுத்ததைத் தொட்டேன். 3.8 என்று எழுதியிருந்தது, அளந்தது 0.7. அதற்கு முந்தையது 4.4, அளந்தது 1.1. ஒரு மாதம் பின்னே போனேன். இரண்டு மாதம். ஏழு மாதம் பின்னே போன பிறகுதான் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தன. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த அண்ணன். அங்கே அவர் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று குறைத்துக்கொண்டிருந்தார்.

வரைபடங்களைப் பார்த்தேன். வாரநாட்களில் கோடு அவர் அடுக்குமாடி பிளாக்கிலிருந்து கிளம்பி, பேருந்து நிறுத்தத்துக்கு அப்பால் இருக்கும் சின்னப் பூங்கா வரை போகிறது. அங்கே ஒரு கிறுக்கல். நூல் சிக்கியதுபோல, ஒரே இடத்தில், அடர்த்தியாக. பிறகு அதே வழியில் வீட்டுக்கு. சில நாட்களில் பாதி வழியிலேயே ஒரு கிறுக்கல். சில நாட்களில் இரண்டு, மூன்று.

நின்னா கிறுக்கும்டா.

“முடிஞ்சுதா தம்பி?” அண்ணி காப்பியோடு வந்து நின்றார்.

“முடிஞ்சுது அண்ணி,” என்றேன். இன்னும் சில செயலிகளைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, கைப்பேசியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அழைப்பு வந்தால் நானே எடுத்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த ஏழு மாதம் எங்கே தொடங்கியது என்பது எனக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எந்த வரைபடமும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து நாங்கள் இருவரும் லிட்டில் இந்தியாவுக்கு நடப்போம். சிராங்கூன் சாலையின் கடைசிவரை போய்த் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, அண்ணன் வீட்டு மாதா படத்துக்கு ஒரு மாலை வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவோம். அப்படி ஒரு ஞாயிறன்று அண்ணன் ஒரு பாத்திரக்கடை முன்னால் நின்று குத்துவிளக்குகளைப் பார்க்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் குத்துவிளக்கு வாங்குவார் யாருமில்லை. கொஞ்ச தூரம் போய் நகைக்கடை முன்னால் நின்றார். மூன்றாவது முறை நின்றபோது நான் பொறுமை இழந்தேன். அப்போது எனக்கு நடைப் பைத்தியம் பிடித்திருந்த நேரம். சர்க்கரை இறங்கியிருந்தது. வேகம் குறைந்தால் எனக்கு எரிச்சல் வரும்.

“என்னண்ணே?”

“கெண்டைக்கால் இழுக்குதுடா. கொஞ்சம் நின்னா விட்டுடுது. நடந்தா திரும்ப வந்துடுது.”

“வயசாச்சுல்ல. நடக்க நடக்கச் சரியாயிடும். சாக்குச் சொல்லாதீங்கண்ணே.”

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். அடுத்த ஞாயிறு, “நீ வேகமாப் போற, என்னால உன் பொழுது கெடுது. நீ உன் வழியில போ, நான் என் வழியில வரேன். சாப்பாட்டுக்குச் சேந்துக்கலாம்,” என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் அண்ணன் என்னோடு நடப்பதை நிறுத்தினார், நான் சந்தோஷப்பட்டேன்.

அதன் பிறகு அவர் நடப்பதை நான் பார்க்கவில்லை. குழுவில் அவருடைய எண்களை மட்டும்தான் பார்த்தேன், வரைபடத்தைத் திறந்ததே இல்லை. நன்றாக நடக்கிறாரே, கால்வலி போய்விட்டதே என்று நினைத்தேன். நான் சொன்னது சரிதானே என்றுகூட நினைத்திருப்பேன்.

வீட்டில் உட்கார்ந்து, என் பதிவுகளையும் அவர் பதிவுகளையும் நாள்வாரியாக ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். என் மனைவி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள், வேலை விஷயம் என்றேன். அண்ணன் தன் எண்ணை எழுதிய நேரம் எப்போதும் என் நடை முடிந்த பிறகு. நான் 4.3 என்றால் அவர் 4.1. நான் 4 என்றால் அவர் 3.8. நான் மழையைச் சாக்கு வைத்து இரண்டு நாள் நடக்காமல் விட்ட வாரத்தில் மட்டும் அவர் 5.2 எழுதியிருந்தார். அந்த 5.2 எனக்கு நினைவிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ரோஷம் வந்து, குடையை எடுத்துக்கொண்டு சுவா சூ காங் பூங்காவை மூன்று சுற்று சுற்றினேன். அன்று அவர் உண்மையில் நடந்தது 0.6.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், தானே பதிவதை நிறுத்தி வைத்த அண்ணனின் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய கடைசி மாத ஞாயிற்றுக்கிழமைக் கோடு ஒன்றைப் பின்பற்றி நடந்தேன். கோயிலிலிருந்து அவர் நடக்கவே இல்லை. பேருந்தில் வந்து தேக்காவில் இறங்கியிருக்கிறார். கோடு அங்கிருந்துதான் தொடங்கியது. நடைபாதையில் எண்பது அடி போனதும் முதல் கிறுக்கல். அந்த இடத்தில் உட்கார எதுவும் இல்லை. ஒரு தூண் இருந்தது. அவர் அதில் கையை ஊன்றி நின்றிருக்க வேண்டும். நானும் நின்றேன். பின்னால் வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். பிறகு பஃபலோ ரோடு. அங்கே வரிசையாகப் பூக்கடைகள். அதைத் தாண்டி, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கல்மேசையும் அதைச் சுற்றி நான்கு கல் இருக்கைகளும். மிகப் பெரிய கிறுக்கல் அங்கேதான் இருந்தது. ஒரு மணி நேரம், சில வாரங்களில் அதற்கும் மேலே.

எதிரே இருந்த பூக்கடையில் ஒரு பெண் மாலை கட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் கல் இருக்கையில் உட்கார்ந்ததையும் என் கையிலிருந்த கைப்பேசியையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். அதன் உறையில் அண்ணன் ஒட்டிய மாதா படம் இருந்தது.

“அண்ணே, அது மாலைக்கார அண்ணன் போன்தானே? ஞாயித்துக்கிழமை வருவாரே.”

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

“தெரியாமலா? மாதாவுக்கு மாலை வாங்குவாரு. வாங்கிட்டு இங்கயே உக்காந்துக்குவாரு. நாலஞ்சு வாரமா ஆளைக் காணோம். ஊருக்குப் போயிட்டாரா?”

நான் தம்பி என்று சொன்னேன். இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. பாதி கட்டிய மாலையை மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு தலைப்பை விட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“நீங்கதான் வேகமா நடக்கற தம்பியா?”

“ஆமா.”

“உக்காந்து போனைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. ‘தம்பி நடந்து முடிச்சுட்டான், நாலு கிலோமீட்டர்’ம்பாரு. அப்புறம் என்கிட்ட, ‘நான் எவ்வளவு போடட்டும்மா’ன்னு கேப்பாரு. நான் என்னத்தைக் கண்டேன், விளையாட்டுன்னு நெனச்சு மூணே முக்கால் போடுங்கண்ணேன்னு சொல்லுவேன். போட்டுடுவாரு.”

“எதுக்கு அப்படின்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சா அவனும் நின்னுடுவான், அவனுக்குச் சுகர் இருக்கு’ன்னாரு.” அவர் மறுபடி பூவைக் கையில் எடுத்தார். “ஒருநாள் நான்கூடச் சொன்னேன், கால் இப்படி வலிக்குதே, டாக்டர்கிட்டப் போங்கண்ணேன்னு. வயசாச்சுல்லம்மா, நடந்தா சரியாயிடும்னு தம்பி சொல்லியிருக்கான்னாரு.”

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதை அப்படியே சொன்னார். நான் தலையாட்டினேன்.

அண்ணன் என் சர்க்கரைக்காகத்தான் அப்படி எழுதினாரா, அல்லது தோற்றுப்போனதைத் தம்பியிடம் ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, அதற்கு ஒரு நல்ல காரணத்தைப் பூக்காரப் பெண்ணிடம் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். எதை நம்பினாலும் என் பங்கு குறையவில்லை.

அந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்தபடியே அன்றைய கோட்டுக்குரிய பதிவைத் திறந்தேன். 3.7 என்று இருந்ததை அழித்து, செயலி அளந்த 0.4 என்று மாற்றினேன். நடக்காத தூரத்தை எழுதாதே என்று சொன்னவர் பெயரில் அந்த எண் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அடுத்ததையும் மாற்றினேன். அதற்கடுத்ததையும்.

நான்காவதை மாற்றும்போது என் சொந்தக் கைப்பேசி ஒலித்தது. அண்ணன் மகள். அவள் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதி.

“சித்தப்பா,” என்றாள். மூச்சு வாங்கியது. “அப்பா பேர்ல நோட்டிபிகேஷன் வருது. ‘நடையைத் திருத்தினார்’னு. ஒண்ணு மேல ஒண்ணா வருது. யாரு அது? யாராச்சும் ஹேக் பண்ணிட்டாங்களா?”

பழைய பதிவைத் திருத்தினால் குழுவுக்கு அறிவிப்புப் போகும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வேலையிடத்தில் நோயாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவளின் பையில், இறந்த அப்பாவின் பெயர் நான்கு முறை அதிர்ந்திருக்கிறது.

“நான்தான்மா. பயப்படாதே. நான்தான்.”

“நீங்களா? எதுக்கு?”

“வீட்டுக்கு வா. அம்மாகிட்டயும் சொல்லணும்.”

அன்று மாலை ஆறு மணிக்கு மூவரும் அண்ணியின் வீட்டில் உட்கார்ந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் அடையாளம், பூங்கா, தூண், கல் இருக்கை, பூக்காரப் பெண். கடைசியாக, பாத்திரக்கடை முன்னால் அண்ணன் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் முடித்துவிட வழி இருந்தது. அந்த ஆசையும் வந்தது.

அண்ணன் மகள் தாதியாகத்தான் முதலில் பேசினாள். “நடந்தா வலி, நின்னா போயிடுதுன்னு சொன்னாரா? அப்படியேவா?”

“அப்படியேதான்.”

“அது கால் ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம் சித்தப்பா. கால்ல இருந்தா ஹார்ட்லயும் இருக்கலாம். தெரிஞ்சிருந்தா ஒரு ஸ்கேன்...” அவள் அதோடு நிறுத்திக்கொண்டு, எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம்தான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த தண்டனை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். “உங்ககிட்ட சொன்னாரா?” என்றார்.

“ஆமா அண்ணி. ஒரு தடவை.”

“பூக்காரம்மாகிட்டயும் சொன்னாரு.”

“ஆமா.”

“என்கிட்ட சொல்லல. தெனமும் காலையில செருப்பை மாட்டிக்கிட்டுப் போவாரு. ஒன்றரை மணி நேரம் கழிச்சு வருவாரு. நல்லா நடந்தீங்களான்னு கேப்பேன். நல்லா நடந்தேன்னுவாரு.” அண்ணி தன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். “நீங்க கெளம்புங்க தம்பி. நேரமாச்சு.”

ஆறு மணி நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. நான் கிளம்பினேன். கைப்பேசியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

முப்பதாம் நாள் பூசையில் அண்ணி என்னோடு பேசினார், ஆனால் மற்ற விருந்தாளிகளிடம் பேசுவதுபோல. வாங்க, சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க. அதன் பிறகு அழைப்பே இல்லை. நான் நடப்பதை நிறுத்தினேன். இரண்டு வாரம் நடக்கவில்லை. பிறகு, நான் நிற்கக்கூடாது என்பதற்காக ஒருவர் ஏழு மாதம் பொய் எழுதியிருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து, அந்த நினைவைத் தாங்கமுடியாமல் மறுபடி செருப்பை மாட்டினேன். பூங்காவில் யாரோ பின்னால் வருவதுபோல இருக்கும். என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், நின்று நின்று வரும் ஒருவர். திரும்பிப் பார்ப்பேன். காலை ஏழு மணி வெளிச்சத்தில் எல்லாமே தெளிவாகத் தெரியும், யாரும் இருக்கமாட்டார்கள். இருந்தாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

முப்பதாம் நாள் பூசை கழிந்த ஆறாவது வாரம் அண்ணி கூப்பிட்டார்.

“தம்பி, அந்த நம்பரையெல்லாம் பாதியில விட்டுட்டுப் போயிட்டீங்க.”

“ஆமா அண்ணி.”

“சனிக்கிழமை வாங்க. முழுசா முடிச்சுடலாம். எனக்கு அதுல எப்படி மாத்தறதுன்னு தெரியல.”

மகளிடம் சொல்லி, அவள் கைப்பேசியில் குழு அறிவிப்பை நிறுத்தி வைத்திருந்தார் அண்ணி. அது எனக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். நான் பென்சில் அடையாளத்தைத் தொட்டு, அளந்த தூரத்தை வாய்விட்டுச் சொல்வேன். அண்ணி திரையைப் பார்ப்பார். நான் எண்ணை மாற்றுவேன். பழைய நாளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வந்தோம்.

கொஞ்சம் போனதும் அண்ணி தேதியைப் பார்த்து ஒன்றிரண்டு சொல்லத் தொடங்கினார். “இது மக பொறந்தநாளு. கேக் வாங்கிட்டு வந்தாரு.” அன்று 0.8. “இது நல்ல மழை. போகாதீங்கன்னேன், கேக்கல.” அன்று 0.3. “அன்னைக்கு வந்ததும் கால்ல தைலம் தேய்க்கச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன், நெறைய நடந்துட்டேன்னு சொன்னாரு.” அன்று 0.5. அதைச் சொல்லிவிட்டு அண்ணி அழுதார். அடக்கம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் கைப்பேசியைக் கீழே வைத்தேன். “நீங்க மாத்துங்க தம்பி, நிறுத்தாதீங்க,” என்றார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிப் பதிவுக்கு வந்தோம். அது அவர் இறப்பதற்கு முந்தின நாளுடையது. மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

அந்தப் பதிவின் ஓரத்தில் பென்சில் அடையாளம் இல்லை. 0.2 என்று இருந்தது. அவர் திருத்தவில்லை. திருத்த முடியாத அளவுக்குக் களைத்திருந்தாரா, இனிப் போதும் என்று விட்டுவிட்டாரா, தெரியவில்லை. கோடு லிஃப்டிலிருந்து கிளம்பி, கீழ்த்தளத்தைத் தாண்டி, சாலை ஓரம்வரை போய், திரும்பியிருந்தது.

அதன் கீழே ஒரு கருத்து இருந்தது. நான் எழுதியது. எழுதியதையே மறந்திருந்தேன்.

‘என்னண்ணே, தூங்கிட்டீங்களா?’ பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

அண்ணி அதைப் படித்தார். நான் அழிக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இருக்கட்டும். நீங்க எழுதினதுதானே.”

“அண்ணி...”

“அவரு அதைப் பாத்தாரு. என்கிட்டக் காட்டினாரு. ‘பாத்தியா, இவன் திமிரை’ன்னு சொல்லிச் சிரிச்சாரு.” அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பதில் எழுதறேன்னு சொன்னாரு. கண்ணாடி எங்கயோ வச்சுட்டாரு, அப்புறம் பாத்துக்கறேன்னு விட்டுட்டாரு.”

இதை என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற பயம். அண்ணி எழுந்து சோறு வைக்கப் போனார். சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று சமையலறையிலிருந்து சொன்னார். முப்பதாம் நாள் அழைத்ததுபோல் இல்லாமல், பழையபடி அதட்டலாகச் சொன்னார். நான் உட்கார்ந்திருந்தேன். திரையில் ஏழு மாதமும் சின்னச் சின்ன எண்களாக வரிசையில் இருந்தன, எல்லாம் ஒன்றுக்கும் குறைவாக, அல்லது ஒன்றைக் கொஞ்சம் தாண்டி. அவ்வளவையும் கூட்டினால் எவ்வளவு வரும் என்று செயலியே கீழே காட்டியது. அதை நான் பார்க்கவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டுகளை எடுத்து வைக்க உள்ளே போனேன்.